பேக் பட்டனை அழுத்தினால் இரண்டு தடவை காசு எடுக்கும் புக்கிங் தளம்: உஷார்

6,400 போச்சு. ஒரே பயணத்துக்கு இரண்டாவது தடவையாக 6,400. தளத்தின் பெயர் வேண்டாம். டிக்கெட் முன்பதிவுத் தளம், அவ்வளவுதான்.

'பணம் செலுத்து' அழுத்தியதும் அடுத்த பக்கம் வந்து வட்டம் சுற்றிக்கொண்டே நின்றது. பணம் போனதாக எஸ்எம்எஸ் இல்லை. பேக் போனால் நிரப்பிய படிவம் அப்படியே இருக்கிறது, பட்டனும் தயார். மேலே 'உங்கள் இருக்கைக்கு இன்னும் 4 நிமிடம்' என்று ஒரு கடிகாரம் வேறு. முதல் முயற்சி பதிவாகவில்லை என்றுதானே எவரும் நம்புவார்கள்? மறுபடி அழுத்தியதும் இரண்டு உறுதி மெயில், அடுத்தடுத்த ஆர்டர் எண்கள்.

அந்தக் கடிகாரமே பொய். பேக் அழுத்தும்போது பிரவுசர் பெரும்பாலும் பக்கத்தைப் புதிதாகக் கேட்பதில்லை; பேக்-ஃபார்வர்டு கேஷில் (பார்த்த பக்கத்தை அப்படியே நிறுத்தி வைக்கும் நினைவகம்) உறைந்து கிடந்ததை எழுப்பிவிடுகிறது. டைமரும் நின்ற இடத்திலிருந்து ஓடும். முதல் கிளிக்கிலேயே பட்டனை முடக்கியிருந்தால் முடங்கியபடியே திரும்பியிருக்கும். அதைக்கூடச் செய்யவில்லை. பக்கம் திரையில் வரும்போது எழும் 'பேஜ்ஷோ' நிகழ்வில் 'பெர்சிஸ்டட்' (அந்தக் கேஷிலிருந்து வந்ததா என்ற குறி) உண்மையா என்று பார்த்து, சர்வரிடம் நிலவரம் கேட்க நாலு வரி போதும்.

இதெல்லாம் மேல்பூச்சுதான். ஆர்டர் எண்ணைப் படிவம் திறக்கும்போதே கொடுத்து, டேட்டாபேஸில் அதற்கு யூனிக் இண்டெக்ஸ் (ஒரே எண் இரண்டு தடவை பதிவாகாதபடி தடுக்கும் கட்டுப்பாடு) போட்டிருந்தால் இரண்டாவது போஸ்ட் (படிவத்தைச் சர்வருக்கு அனுப்பும் கோரிக்கை) அங்கேயே அடிபட்டிருக்கும். இவர்கள் ஒவ்வொரு போஸ்ட்டுக்கும் புது எண் போடுகிறார்கள். உறுதிப் பக்கத்துக்கும் 303 ('வேறு முகவரிக்குப் போ' என்று பிரவுசருக்குச் சொல்லும் பதில் எண்) கொடுத்து அனுப்புவதில்லை, போஸ்ட்டுக்கே பதிலாகக் காட்டுகிறார்கள். அதை ரீஃப்ரெஷ் செய்தால் மூன்றாவது 6,400-க்கும் வழி இருக்கிறது!

சாட்டில் கேட்டால் "பேக் அழுத்தியது உங்கள் தவறு சார்." பிறகு "பேங்க்கைக் கேளுங்க." பேங்க்கில் "பணம் அவங்களுக்குப் போயாச்சு, அவங்களைக் கேளுங்க." திரும்பி வந்தால் "இரண்டுமே செல்லுபடியாகும் டிக்கெட், ரத்துக் கட்டணம் போக மீதி வரும்." ஒரே ஆள் எப்படி ஒரே நேரத்தில் இரண்டு இருக்கையில் உட்காருவான் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. புகார் 'தீர்க்கப்பட்டது' என்று மூடப்பட்டுவிட்டது. 6,400 அவர்களிடமே.

தற்காத்துக்கொள்ள விவரமாக எழுதத்தான் நினைத்தேன். இப்போதைக்கு இது: வட்டம் சுற்றினால் பேக்கும் வேண்டாம், ரீஃப்ரெஷும் வேண்டாம். புது டேபில் 'என் முன்பதிவுகள்' பாருங்கள். படிவத்தை மீண்டும் அனுப்பவா என்று பிரவுசர் கேட்டால் ரத்து செய்யுங்கள். ஆர்டர் எண் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். மீதி அப்புறம், மூடிய புகாரை மறுபடி திறக்க வைக்கணும்.