ஸ்கானர் அன்ரெனாவுக்குக் கேபிள் வாங்குபவர்கள் கவனம்

வீட்டிலேயே ஸ்கானருக்கு (வானொலி அலைகளைத் தேடிக் கேட்கும் கருவி) அன்ரெனா செய்ய நினைப்பவர்கள், யாழ்ப்பாணம் ரவுனில் கேபிள் வாங்கும்போது தயவுசெய்து பார்த்து வாங்குங்கள். செம்பின் விலையை வாங்கிக்கொண்டு அலுமினியத்தைத் தலையில் கட்டிவிடுகிறார்கள்.

பலாலி விமான நிலையத்துக்கு வந்துபோகும் விமானங்களின் வானொலிப் பேச்சைக் கேட்கத்தான் அன்ரெனா செய்தேன். செய்வது லேசு. 7500ஐ, கேட்கவேண்டிய அலைவரிசையின் மெகாஹேர்ட்ஸால் வகுத்து, அதில் 5 வீதம் கழித்தால் கம்பியின் நீளம் சென்ரிமீற்றரில் வரும். விமானங்கள் பேசுவது 118 முதல் 137 மெகாஹேர்ட்ஸ் வரை என்பதால் 125ஐ வைத்துக் கணக்குப் பார்த்தேன்: 57 சென்ரிமீற்றர். ஒரு கம்பி நிமிர்ந்து நிற்கும், நான்கு கீழே சரிந்து நிற்கும். வயரிங் வேலையில் மிஞ்சிய கம்பியே போதும். காசு போனது கூரையிலிருந்து இறக்கும் கேபிளுக்குத்தான்.

"சுத்தச் செம்பு, 50 ஓம்" என்று சொல்லித்தான் தந்தார்கள். உறையிலும் ஆர்.ஜி. 58 என்று, 50 ஓம் கேபிள் வகையொன்றின் பெயர், அச்சடித்திருந்தது. வீட்டில் பற்றவைக்கப் போனால் வெளிவலையில் ஈயம் ஒட்டவேயில்லை, உருண்டு உருண்டு விழுந்தது. நடுக்கம்பியை பிளேட்டால் சுரண்டினேன். செம்பு நிறம் உரிந்து உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது. வளைத்ததும் முறிந்துவிட்டது. வலையும் சரியான ஐது, இடைவெளியால் உள் பிளாஸ்ரிக் தெரிந்தது.

அலை கம்பியின் மேற்பரப்பில்தானே ஓடும், செம்புப் பூச்சே போதும் என்பார்கள். அது சரி. ஆனால் வலை ஐதென்றால் எல்.ஈ.டி. பல்பு, சார்ஜர் இரைச்சல் எல்லாம் உள்ளே வரும். எங்கள் கடற்காற்றுக்கு, செம்பும் அலுமினியமும் தொடுகிற இடம் கெதியில் அரித்தும் போகும்.

திருப்பிக் கொண்டுபோனேன்.

"அண்ணை, செம்பு எண்டுதானே தந்தனீங்கள்?"

"வெட்டின வயரைத் திருப்பி எடுக்கிறேல்லைத் தம்பி. பில்லைப் பாரும், கேபிள் எண்டுதான் போட்டிருக்கு."

அதனால் வெட்ட முதலே நுனியை உரித்துச் சுரண்டிக் காட்டச் சொல்லுங்கள். காந்தத்தை மட்டும் நம்பவேண்டாம். இரும்பென்றால் ஒட்டும், ஆனால் செம்பைப் போலவே அலுமினியத்திலும் ஒட்டாது. நல்ல 75 ஓம் ரி.வி. கேபிள் கிடைத்தால் அதையே போடலாம், கேட்பதற்கு மட்டும் என்றால் வித்தியாசம் தெரியாது. நான் இப்போது போட்டிருப்பதும் அதுதான். எதை வாங்கினாலும் பில்லில் "செம்பு" என்று எழுதுவியுங்கள். பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் முறையிடலாம். நான் முறையிட்டிருக்கிறேன், முறிந்த துண்டையும் பில்லையும் எறியாமல் வைத்திருக்கிறேன்.