சவூதியா, அமீரகமா? வீட்டுக்கு அனுப்பும் பணத்தை வைத்து ஒரு கணக்கு

2018 ஜூனில் சவூதியின் தம்மாமை விட்டுக் குடும்பத்தோடு ஊருக்கு வந்தேன். அதே டிசம்பரில் அமீரகத்தின் ஷார்ஜாவில் வேலைக்குச் சேர்ந்தேன். அதிலிருந்து, "ரெண்டுல எது நல்லது?" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. என் ஓட்டு அமீரகத்துக்குத்தான்.

இரண்டு நாட்டிலும் சம்பளத்துக்கு வருமான வரி கிடையாது. ஒரு டாலருக்கு 3.75 ரியால், 3.6725 திர்ஹம் என்று இரண்டுமே டாலரோடு கட்டிப்போட்டவை. ரூபாய் இறங்கினால் இரண்டு பக்கமும் ஒரே லாபம். இதில் பேச ஒன்றுமில்லை.

வெளிநாட்டவர் அனுப்பிய மொத்தப் பணத்தைப் பாருங்கள். 2015இல் சவூதியிலிருந்து சுமார் 3,880 கோடி டாலர் வெளியே போனது. வருடா வருடம் இறங்கி 2019இல் 3,120 கோடிக்கு வந்துவிட்டது. அமீரகத்தில் 2017இல் 16,430 கோடி திர்ஹம், 2018இல் 16,920 கோடி. டாலரில் ஏறத்தாழ 4,600 கோடி. 2014இல் தொடங்கிய எண்ணெய் விலைச் சரிவு இருவரையும்தான் அடித்தது. பிறகு ஏன் ஒன்று மட்டும் இறங்கியது?

எனக்குத் தெரிந்த பெரிய காரணம் ஃபேமிலி லெவி, அதாவது வெளிநாட்டவரின் குடும்பத்துக்குச் சவூதி அரசு போட்ட கட்டணம். 2017 ஜூலையில், கூட இருக்கும் குடும்பத்தினர் தலைக்கு மாதம் 100 ரியால் என்று ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு ஜூலையும் 100 ஏறி 2020இல் 400. கட்டினால்தான் இக்காமா என்ற தங்கும் அனுமதியைப் புதுப்பிக்க முடியும். அதுவும் வருடத்துக்கும் சேர்த்து முன்கூட்டியே. மனைவி, இரண்டு பிள்ளைகள். என் சம்பளம் 5,500 ரியால். 2018 ஜூலையில் கட்டவேண்டியது 7,200. அடுத்த வருடம் 10,800, அதற்கடுத்து 14,400. காலண்டர் தாளின் பின்பக்கம் நானும் மனைவியும் கூட்டிப் பார்த்த இரவிலேயே முடிவு செய்துவிட்டோம்.

எங்கள் கட்டடத்தில் ஆறு தமிழ்க் குடும்பங்கள். அந்தக் கோடை விடுமுறையோடு நாலு வீடு காலி. எல்லோரும் ஒரே நேரத்தில் சாமான் விற்றதால் வாங்க ஆளில்லை; 1,400 ரியாலுக்கு வாங்கிய ஃப்ரிட்ஜ் 150க்குப் போனது. அதை இறக்கிக்கொண்டு போனபோது என் சின்னவள் கதவில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை உரித்து எடுத்துக்கொண்டாள்.

குடும்பத்தை அனுப்பிவிட்டுத் தனியாக இருப்பவர் கூடுதலாகத்தானே அனுப்புவார், மொத்தம் ஏறியிருக்க வேண்டாமா என்று கேட்கலாம். ஏறவில்லை. 2018 ஜனவரியிலிருந்து தொழிலாளிக்காகக் கம்பெனி கட்டவேண்டிய லெவியும் கூடியதால், ஆட்களையே குறைத்தார்கள்.

அமீரகத்தில் தலைக்கு மாதக் கட்டணம் என்று ஒன்று கிடையாது. விசாச் செலவு இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை வரும், முடிந்தது. 2019இல் 4,000 திர்ஹம் சம்பளமோ, 3,000த்தோடு தங்குமிடமோ இருந்தால் குடும்பத்தைக் கூட்டிவரலாம் என்றார்கள். வாடகையும் ஸ்கூல் ஃபீஸும் கழுத்தைப் பிடிக்கும், மறைக்கவில்லை. தம்மாமில் அனுப்பியதைவிட இங்கிருந்து மாதம் கொஞ்சம் குறைவாகவே அனுப்புகிறேன். ஆனால் ஒரு மாதம்கூட நிற்கவில்லை, பிள்ளைகளும் கூடவே வளர்கிறார்கள்.

ரிசர்வ் வங்கி சர்வேயிலும் இதே சாயல் தெரிகிறது. இந்தியாவுக்கு வரும் பணத்தில் 2016-17இல் அமீரகத்தின் பங்கு 26.9 சதவீதம், சவூதியின் பங்கு 11.6. 2023-24இல் 19.2, 6.7. இரண்டும் இறங்கின, சவூதி பாதியை நெருங்கி இறங்கியது.

என் கணக்கில் ஓட்டையும் உண்டு. அமீரகத் தொகையில் பெரிய சம்பளக்காரரும் வியாபாரியும் அனுப்புவதும் சேரும். அதை ஆள் எண்ணிக்கையால் வகுத்து ஒரு மேஸ்திரியின் சேமிப்பைச் சொல்லிவிட முடியாது. உண்டியலில், அதாவது வங்கிக்கு வெளியே ஆள் மூலம், போகும் பணம் எந்தக் கணக்கிலும் வராது. 2021இல் சவூதியின் தொகை 4,000 கோடி டாலரைத் தாண்டி மேலேறியது. கொரோனா காலத்தில் கையில் கொண்டுபோக வழியில்லாமல் எல்லோரும் வங்கி வழியே அனுப்பியதும் அதற்கு ஒரு காரணம். 2023இல் இரண்டு நாடும் கிட்டத்தட்ட ஒரே அளவில் வந்து நின்றன. ரியாத்தில் நான் வேலை பார்த்ததில்லை. கம்பெனி ரூம், மெஸ் என்று தனியாளாகப் போகிறவருக்குச் சவூதியில் இன்றும் கையில் மிஞ்சலாம்.

குடும்பத்தோடு போகிறவர் லெவியை யார் கட்டுவது என்று ஆஃபர் லெட்டரில் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். போன மாதம் என் தம்பிக்குச் சவூதியின் ஜுபைலிலிருந்து வந்த லெட்டரில், லெவி கம்பெனி பொறுப்பு என்று தெளிவாக இருந்தது. போகச் சொல்லிவிட்டேன்.