நிலையான விலையா, ஏலமா?

காற்றாலை மின்சாரத்துக்கு ஒழுங்குமுறை ஆணையம் முன்கூட்டியே விலை அறிவிப்பது ஒரு வழி. குறைந்த விலைக்கு மின்சாரம் தர முன்வருபவருக்கு ஏலத்தில் ஒப்பந்தம் கொடுப்பது மற்றொன்று.

மின்வாரியத்துக்கு ஏலம்தான் இனிக்கும். 2017 பிப்ரவரியில் நடந்த நாட்டின் முதல் காற்றாலை ஏலத்தில் யூனிட் விலை 3.46 ரூபாய்க்கு இறங்கியது. அந்த ஆண்டு முடிவதற்குள் குஜராத்தில் 2.43. தொழில் என்ன ஆயிற்று? 2016-17இல் சுமார் 5,500 மெகாவாட் நிறுவிய நாடு, மறு ஆண்டு 2,000 மெகாவாட்டைக்கூடத் தொடவில்லை. சென்னையைச் சுற்றியுள்ள காற்றாலைத் தொழிற்சாலைகளுக்கு இதன் பொருள் நன்றாகவே புரியும். முப்பந்தலில் ஒன்றிரண்டு காற்றாலை வைத்திருக்கும் நூற்பாலைக்காரர் அந்த ஏலத்தில் எப்படி நுழைவார்?

நிலையான விலையிலும் ஓட்டை உண்டு: மின்வாரியம் பணத்தை இழுத்தடித்தால் அறிவிப்பு காகிதத்தோடு சரி. ஆனாலும், தொழிற்சாலைகள் பெருக வேண்டுமென்றால் என் ஓட்டு அதற்கே. ஏலம்தான் என்றால், ஆண்டுக்கு எத்தனை மெகாவாட் என்பதையாவது அரசு முன்பே சொல்லிவிட வேண்டும்.