பியானோ டியூனரின் கருவிகளுக்கு எது: பெட்டியா, முதுகுப்பையா, கித்தான் சுருளா?

அலுமினியப் பெட்டியை விட்டு, கருவிகளை அறை அறையாகச் செருகிச் சுருட்டிக் கட்டும் கித்தான் சுருளுக்கு மாறி இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. அதற்கு முன் பெட்டியோடு ஏழு வருடம், நடுவில் எட்டு மாதம் முதுகுப்பையோடு. சென்னையில் வீடு வீடாகப் போய்ப் பியானோ டியூன் செய்து, சின்னப் பழுதும் பார்க்கும் வேலைக்கு மூன்றையும் சுமந்து பார்த்துவிட்டேன். எனக்குச் சுருள்தான்.

எடையைப் பற்றி அதிகம் பேச வேண்டாம். வெறும் பெட்டியே நான்கு கிலோ. மின்சார ரயிலில் ஏறி, லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடிக்கும் தூக்கினால், கம்பியை இறுக்கித் தளர்த்தும் லீவரைப் பிடிக்கும் முன்பே கை நடுங்கும். முதுகுப்பை இலகு, சுருள் அதைவிட இலகு. விலையிலும் அதே வரிசைதான்.

முதுகுப்பையைக் குறை சொல்ல மனமில்லை. தோளுக்கு அதுதான் சுகம். ஆனால் இருபது அறைகளில் எதில் எது இருக்கிறது என்று தேடியே நேரம் போகும். உள்ளே தைத்திருக்கும் நைலான் துணியை வெளியே திருப்பிக் காயவைக்கவும் முடியாது.

என்னை மாற வைத்தது துரு. மற்ற தொழில்களில் துருவுக்கு மருந்து சுலபம்: எண்ணெய்த் துணியால் ஒரு துடைப்பு. மெக்கானிக் அதைத்தான் செய்கிறார். நம்மால் முடியாது. பியானோவில் ஏறத்தாழ 220 கம்பிகள். ஒவ்வொன்றின் இழுவையும் சுமார் 70, 80 கிலோ. அதைத் தாங்கி நிற்பது, கம்பி சுற்றியிருக்கும் டியூனிங் பின் என்ற இரும்பு முளையைப் பின் பிளாக் என்ற மரப்பலகை பிடித்திருக்கும் உராய்வுதான். லீவர் முனையிலிருந்து எண்ணெய் பின் வழியே மரத்துக்குள் இறங்கிவிட்டால் அந்தப் பின் சுருதியில் நிற்காது. கம்பியைத் தட்டும் ஹாமரின் கம்பளி ஃபெல்ட்டில் எண்ணெய் பட்டாலும் நாதம் கெடும். அதனால் ஈரம் தங்காத இடத்தில் வைப்பது ஒன்றுதான் நம் கருவிகளுக்குக் காவல்.

ஈரம் மழையிலிருந்து மட்டும் வருவதில்லை. காலையில் ஏசி ஓடும் அறையில் இரண்டு மணி நேரம் வேலை செய்தால் இரும்பெல்லாம் குளிர்ந்துவிடும். அப்படியே பெட்டியில் வைத்து மூடி, அடுத்த வீட்டில் மின்விசிறி மட்டும் சுற்றும் கூடத்தில் திறந்தால், ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த செம்பில் வேர்ப்பதுபோல லீவர் வேர்க்கும். மேலே நம் கை வியர்வை வேறு. அந்த ஈரத்தைப் பெட்டிக்குள் இருக்கும் ஃபோம் குடித்துக்கொள்ளும், மூடி வெளியே விடாது. சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டுப் பார்த்தேன். ஒரு நாளில் நான்கு முறை திறந்து மூடும் பெட்டியில் அது சீக்கிரமே ஈரத்தால் நிரம்பிவிடுகிறது. ஐந்தாம் வருடம் ஃபோமே பிசுபிசுத்து உதிர ஆரம்பித்தது.

முதலில் துரு ஏறியது, ஹாமர் ஃபெல்ட்டைக் குத்தி நாதத்தைச் சரிசெய்யும் வாய்ஸிங் ஊசிகளில். துருப்பிடித்த ஊசி ஃபெல்ட்டுக்குள் சீராக இறங்காது. நாரை இழுத்துக்கொண்டு போகும், சில நேரம் உள்ளேயே முறியும். அடுத்து, பின்னைக் கவ்வும் லீவரின் நட்சத்திர முனை. உட்சுவரில் துரு இருந்தால் அது பின்மேல் முழுதாக உட்காராது. ஒரே ஸ்வரத்துக்கான மூன்று கம்பிகளை ஒரே குரலாக்கும்போது அந்தத் துளி ஆட்டமே வேலையைக் கெடுக்கும்.

கித்தான் சுருளை வீட்டுக்கு வந்ததும் அவிழ்த்து, மின்விசிறிக்குக் கீழே விரித்துவிடுகிறேன். செய்ய வேண்டியது அவ்வளவுதான். மாதம் ஒருமுறை சோப்புப் போட்டு அலசி மொட்டை மாடியில் காயப்போடுவேன். இரண்டு ஐப்பசி, கார்த்திகை போன பிறகும் ஊசிகள் வாங்கிய நிறத்தில் இருக்கின்றன. தோல் சுருளும் பார்க்க அழகுதான். ஆனால் மழைக்காலத்தில் தோல் செருப்பில் பூக்கும் அதே பூஞ்சை அதிலும் பூக்கும்.

அந்த மாதங்களில்தான் நமக்கு அழைப்பும் அதிகம். ஈரத்தில், ஹாமர் போன்ற பாகங்கள் அசையும் ஃபிளேஞ்ச் என்ற கீலுக்குள் இருக்கும் துணி ஊதி, அதன் அச்சான சென்டர் பின்னை இறுக்கும், அழுத்திய கட்டை எழும்பாது. அதனால் லீவர், சுருதி பார்க்கும் 440 ஃபோர்க், மற்ற கம்பிகளை ஒலிக்காமல் அடக்கும் ரப்பர் மியூட்டுகள், ஃபெல்ட் பட்டை, நிமிர்ந்து நிற்கும் அப்ரைட் பியானோவுக்கான பாப்ஸ் மியூட் இவற்றோடு, சென்டர் பின் தள்ளும் கருவிக்கும் கட்டையின் துளையைத் தளர்த்தும் குறடுக்கும் தனி அறை வைத்தேன். கம்பிச் சுருள்கள் மட்டும் இறுக்கமான மூடியுள்ள டப்பாவில்.

பெட்டி வெல்லும் இடமும் உண்டு. விமானத்தில் இந்தக் கருவிகள் செக்-இன் பெட்டியோடுதான் போகும், அங்கே கித்தான் எதையும் காக்காது. இரண்டு முறைதான் அப்படிப் போயிருக்கிறேன், இரண்டு முறையும் பழைய பெட்டிதான். கச்சேரி மேடையின் பெரிய கிராண்ட் பியானோவுக்கு, உள் பாகங்களின் அசைவையெல்லாம் சரிசெய்யும் முழு ரெகுலேஷன் செய்பவருக்குச் சுருள் போதுமா என்று கேட்டால், எனக்கு அதில் அனுபவம் குறைவு. என் வேலையில் பெரும்பாலும் வீட்டு அப்ரைட்டுகள்தான்.

தைக்கக் கொடுப்பவர்கள் லீவர் அறையின் அடியில் மட்டும் துணியை இரட்டையாக மடித்துத் தைக்கச் சொல்லுங்கள். என் முதல் சுருளில் நட்சத்திர முனை மூன்றே மாதத்தில் துணியைக் கிழித்து வெளியே வந்துவிட்டது.