கவர்னரா, நிலையான த்ராட்டிலா?

கண்ட்ரோல் லைன் என்பது கம்பியில் பிடித்து நம்மைச் சுற்றி வட்டமாகப் பறக்கவிடும் மாதிரி விமானம். மின்சாரத்தில் ஓடும் வகையில் பெரும்பாலும் மோட்டாரை ஓட்டி நிறுத்தும் டைமரில் வைத்த அமைப்புதான் கடைசிவரை. பறக்கும்போது கையில் இருப்பது கைப்பிடியும் இரண்டு கம்பியும் மட்டுமே.

நிலையான த்ராட்டில், அதாவது மோட்டாருக்கான சக்தித் திறப்பை ஒரே அளவில் வைப்பது, எளிது. டைமர் ஒரே சிக்னலை அனுப்பும், மோட்டாரை இயக்கும் எந்த ஸ்பீட் கண்ட்ரோலரும் ஏற்கும். சிக்கல் பேட்டரியில். 4 செல் லிப்போ (லித்தியம் பாலிமர் பேட்டரி) முழு சார்ஜில் 16.8 வோல்ட், பறக்கப் பறக்க இறங்கிக்கொண்டே வரும், கூடவே சுழற்சியும். ஸ்டன்ட் வரிசையில் (அடுத்தடுத்துச் செய்யும் வித்தைகள்) நான்கு இலைபோல் நான்கு வளையம் போடும் நான்கிலை வளையம் வருவதோ கடைசியில். தலைக்கு மேலே கம்பி இறுக்கமாக நிற்க வேண்டிய அந்த நேரத்தில்தான் மோட்டார் சோர்ந்திருக்கும்.

கவர்னர் முறையில் த்ராட்டிலை அல்ல, நிமிடச் சுழற்சியையே குறிக்கிறோம். மூக்கு மேலே தூக்கிச் சுமை கூடினால் கண்ட்ரோலரே கூடுதல் சக்தி கொடுக்கும். கீழிருந்து கேட்டால் இரைச்சலின் சுருதி மாறாது. ஆனால் கொடுக்கக் கையிருப்பு வேண்டுமே! பேட்டரி இறங்கிய நிலையிலும் குறித்த சுழற்சியை எட்டுகிற மோட்டார், புரொப்பெல்லர் ஜோடி இல்லையென்றால் கவர்னர் இருந்தும் பயனில்லை.

இன்னொன்று, மோட்டாரின் காந்தத் துருவ எண்ணிக்கை. கண்ட்ரோலரில் நாம் பதியும் அந்த எண்ணை வைத்துத்தான் கவர்னர் சுழற்சியைக் கணக்கிடும். 14 துருவ மோட்டாருக்கு ஒருமுறை 12 என்று பதிந்துவிட்டேன். நிமிடத்துக்கு 9,000 சுழற்சி கேட்டேன், டேக்கோமீட்டர் (சுழற்சியை அளக்கும் கருவி) 7,700 சொச்சம் காட்டியது. அரை நாள் பேட்டரியைத் திட்டினேன்.

வட்டமடித்துப் பழகுகிறவருக்கு நிலையான த்ராட்டிலே போதும். ஸ்டன்ட் என்றால் என் ஓட்டு கவர்னருக்குத்தான். அப்புறம், எதுவானாலும் தரையில் டேக்கோமீட்டர் வைத்துப் பார்த்துவிட்டே கைப்பிடியை எடுங்கள்.