2 பொட்டாசியமா, 3 பொட்டாசியமா? பார்ட் ஏ கேனைத் தேர்ந்தெடுக்கும் கணக்கு

டயாலிசிஸ் இயந்திரத்தின் காலடியில் இரண்டு வெள்ளைக் கேன்கள் இருக்கும். ஒன்று பொட்டாசியம் முதலான உப்புகள் உள்ள பார்ட் ஏ, மற்றொன்று பைகார்பனேட் கலந்த பார்ட் பி. இரண்டும் தண்ணீரோடு கலந்துதான் இரத்தத்தைச் சுத்தம் செய்யும் டயாலிசிஸ் திரவம் ஆகிறது. நோயாளியின் இரத்தத்திலிருந்து பொட்டாசியம் எவ்வளவு வேகத்தில் இறங்கும் என்பதில் திரையில் ஒளிரும் எண்களைவிட, பார்ட் ஏ கேனில் ஒட்டியிருக்கும் லேபிளுக்கே பங்கு அதிகம். அதில் பொட்டாசியம் லிட்டருக்கு 2 மில்லி ஈக்விவலன்ட் (உப்புகளை அளக்கும் அலகு) என்று இருந்தால் 2கே, 3 என்று இருந்தால் 3கே என்பது எங்கள் பேச்சு வழக்கு; கே என்பது பொட்டாசியத்தின் குறியீடு. இனி வரும் இரத்த அளவுகளும் இதே அலகில்தான். நாகர்கோவிலில் டெக்னீஷியனாக வேலை பார்க்கும் எனக்கு, நோயாளிகளின் வீட்டார் அதிகம் கேட்காத, ஆனால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இந்த இரண்டில் எது என்பதுதான். முடிவு எழுதுபவர் சிறுநீரக மருத்துவர். அந்த முடிவுக்கான கணக்கு யாருக்கும் விளங்கக்கூடியது.

உடம்பில் உள்ள பொட்டாசியத்தில் ஏறத்தாழ 98 சதவீதம் செல்களுக்குள் இருக்கிறது. இரத்தப் பரிசோதனையில் நாம் பார்ப்பது வெளியே நிற்கும் சொற்பப் பங்கை மட்டுமே. நிமிடத்துக்கு 500 மில்லி வீதம் நான்கு மணி நேரம் ஓடினால் 120 லிட்டர் திரவம் இரத்தத்தை வடிகட்டும் டயாலைசரைக் கடந்து செல்கிறது. அவ்வளவு ஓடியும் வெளியேறுவது சுமார் 50 முதல் 100 மில்லி ஈக்விவலன்ட், அதாவது 2 முதல் 4 கிராம் பொட்டாசியம். அதிலும் பெரும் இறக்கம் முதல் இரண்டு மணி நேரத்திலேயே நடந்துவிடும். ஊசியைக் கழற்றிய சில மணி நேரத்தில் செல்களுக்குள் இருப்பது வெளியே வந்து இரத்த அளவை மறுபடி ஏற்றிவிடுவதால், டயாலிசிஸ் முடிந்த கையோடு எடுத்த அளவைப் பார்த்து நிம்மதி அடைவதில் பொருளில்லை.

இந்தப் பின்னணியில் இரண்டு கேன்களையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். நோயாளியின் அளவு 6.5 என்றால், 2கே திரவத்துக்கும் இரத்தத்துக்கும் இடையிலான வித்தியாசம் 4.5; 3கே என்றால் 3.5. இந்த இடைவெளிதான் பொட்டாசியத்தை இழுக்கும் விசை. 6.5 உள்ளவருக்கு அந்த இழுப்பு தேவைப்படுகிறது. அவருக்கு 3கே கொடுத்தால், அடுத்த முறை அவர் வரும்போது இன்னும் ஏறியிருக்க வாய்ப்பு உண்டு. ஆனால் பசியே எடுக்காமல் கஞ்சித் தண்ணீரில் நாளை ஓட்டும் ஒரு முதியவர் 4.2 அளவோடு வந்து படுத்தால், 2கே அவரை இயல்பின் கீழ் எல்லையான 3.5க்கு அருகிலோ அதற்கும் கீழேயோ கொண்டுபோய்விடும். பொட்டாசியம் ஏறியிருப்பது இதயத்துக்கு எவ்வளவு கெடுதலோ, அது சட்டென்று சரிவதும் அதே அளவு கெடுதல். இதயத் துடிப்பு ஏற்கெனவே சீராக இல்லாதவர்களுக்கும் டிகாக்சின் என்ற இதய மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் இந்தச் சரிவு தாங்காது. அவர்களுக்கு 3கே பொருத்தம் என்பதில் எனக்குத் தயக்கமில்லை.

இரத்த அளவும் கேன் அளவும் கூட்டினால் 7 வர வேண்டும் என்று பழைய கைக்கணக்கு ஒன்று உண்டு. 5க்கு 2, 4க்கு 3 என்ற அளவில் அது நினைவில் வைக்க வசதியானது. ஆனால் 6க்கு 1 என்று அதே கணக்கை நீட்டுவது ஆபத்து. 2க்குக் கீழான திரவத்துக்கும் திடீர் இதய நிறுத்தத்துக்கும் உள்ள தொடர்பை அமெரிக்க ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதே சமயம், 20 நாடுகளின் நோயாளிகளை வைத்து 2017இல் வெளியான ஓர் ஆய்வில் 2கே, 3கே இரண்டுக்கும் இடையே இறப்பு விகிதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. ஆக, எல்லாருக்கும் சிறந்த கேன் என்று ஒன்று கிடையாது. ஒருவருக்கு ஒரு முறை எழுதிய கேனை ஆண்டுக்கணக்கில் மாற்றாமல் ஓட்டுவதுதான் நான் அதிகம் காணும் தவறு.

சரி, அளவை எந்த நாளில் பார்ப்பது? திங்கள், புதன், வெள்ளி வருபவர்களுக்கும் சரி, செவ்வாய், வியாழன், சனி வருபவர்களுக்கும் சரி, நீண்ட இடைவெளி ஞாயிற்றுக்கிழமையைத் தொட்டே விழுகிறது. சுமார் 32,000 அமெரிக்க நோயாளிகளை வைத்து 2011இல் வெளியான ஆய்வு, அந்த இடைவெளி முடிந்து வரும் நாளில்தான் இறப்பு மற்ற நாள்களைவிட அதிகம் என்று காட்டியது. நம் மாவட்டத்தில் அந்த ஞாயிறு சும்மா கழியும் நாளும் அல்ல. அருமனைப் பக்கத்திலிருந்து வரும் ஓர் அம்மா ஒரு திங்கட்கிழமை படுக்கையில் ஏறியதுமே, "மக்களே, நேத்து கல்யாண வீட்டுல பிரதமனுக்கு ஒரே ஒரு மட்டிப் பழந்தான் பிசைஞ்சேன், ஏசாத" என்றார். பழம் ஒன்றுதான், ஆனால் பிரதமன் பாயசத்தில் தேங்காய்ப்பால், இலையில் அவியல், அதற்கு முன் வாசலில் கொடுத்த இளநீர். ஒரு டம்ளர் இளநீரில் மட்டுமே 500 மில்லிகிராம் அளவுக்குப் பொட்டாசியம் இருக்கிறது. அன்று அவருடைய அளவு 6.4. அதற்கு முந்தைய புதன்கிழமை எடுத்தது 5.0.

மாதப் பரிசோதனையை வார நடுவில் எடுக்கும் வழக்கம் யூரியா என்ற கழிவுக்கு நியாயமானது. டயாலிசிஸ் போதுமான அளவு நடக்கிறதா என்று கணக்கிட அது நல்ல நாள். பொட்டாசியத்துக்கு அந்த நாள் போதாது, ஏனென்றால் உச்சத்தை அது காட்டுவதில்லை. இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால், பொட்டாசியத்துக்கு நான் நீண்ட இடைவெளிக்குப் பின் வரும் நாளையே கேட்பேன். வாரம் இரண்டு முறை மட்டும் வருபவர்களுக்கு இடைவெளி மூன்று நாள், நான்கு நாள் என்று போவதால், நான்காம் நாள் அளவே முக்கியம்.

எதை வைத்துப் பார்ப்பது என்பதிலும் போட்டி உண்டு. ஆய்வகத்துக்குக் குழாயை அனுப்பினால் பதில் வருவதற்குள் டயாலிசிஸ் பாதி முடிந்துவிடலாம். பக்கத்திலேயே இரத்த வாயுப் பரிசோதனைக் கருவி இருந்தால் சில நிமிடங்களில் எண் கையில் கிடைக்கும். கேனை மாட்டுவதற்கு முன்பே முடிவெடுக்கலாம். ஆனால் அந்தக் கருவிக்கு ஒரு குறை. இரத்தம் எடுக்கும்போது சிவப்பணுக்கள் உடைந்துவிட்டால் உள்ளிருக்கும் பொட்டாசியம் வெளியே கலந்து அளவைப் பொய்யாக ஏற்றிக் காட்டும். ஆய்வகத்தில் சுழற்றிப் பிரித்த சீரம் இளஞ்சிவப்பாகத் தெரிவதால் பிடித்துவிடுவார்கள். முழு இரத்தத்தை அப்படியே அளக்கும் கருவிகளில் பெரும்பாலானவற்றுக்கு அது தெரியாது. முன்பு நான் வேலை பார்த்த இடத்தில் ஒருவருக்கு 6.9 என்று வந்து எல்லாரும் பதறினோம். ஆனால் பொட்டாசியம் மிகுந்தால் ஈசிஜியில் வழக்கமாக உயரும் டி அலை அவருக்கு உயரவே இல்லை. மெல்லிய ஊசியில் அவசரமாக உறிஞ்சி எடுத்த மாதிரி அது. டயாலிசிஸுக்காக அறுவை செய்து அமைத்த இரத்தக் குழாய் இணைப்பான ஃபிஸ்டுலாவில் குத்திய ஊசியிலிருந்து, சலைனோ இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பரினோ போடும் முன் மறுபடி எடுத்தபோது 5.1தான் இருந்தது. முதல் எண்ணை நம்பியிருந்தால் அவருக்குத் தேவையில்லாத இழுப்பைக் கொடுத்திருப்போம்.

இயந்திரமே காட்டிக் கொடுக்காதா என்று பலர் கேட்கிறார்கள். புதிய இயந்திரங்கள் யூரியா வெளியேறும் வேகத்தைக் கணித்துத் திரையில் காட்டும். நல்ல வசதிதான், மாதம் ஒரு முறை குத்தும் ஊசிக்கு இடையில் ஒவ்வொரு நாளும் ஒரு மதிப்பீடு கிடைக்கிறது. ஆனால் பொட்டாசியத்தை அது அளப்பதில்லை. திரவத்தின் மின்கடத்து திறனைத்தான் இயந்திரம் சோதிக்கிறது. 14க்கு அருகில் நிற்கும் அந்த எண்ணில் பெரும் பங்கு சோடியத்துடையது. 3கே எழுதியவருக்குத் தவறிப்போய் 2கே கேனை மாட்டினால் அந்த எண் 0.1 அளவில் அசையும், அலாரம் அடிக்காது. அதாவது கேன் மாறியதைக் கண்டுபிடிக்கும் கருவி மனிதக் கண் மட்டுமே.

பைகார்பனேட்டையும் கால்சியத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பைகார்பனேட்டை இயந்திரத்திலேயே கூட்டிக் குறைக்கலாம் என்பது வசதி. ஆனால் கூட்டக் கூட்ட அது பொட்டாசியத்தைச் செல்களுக்குள் தள்ளி, இரத்த அளவை மேலும் இறக்கும். கால்சியம் 2.5 உள்ள கேனும் பொட்டாசியம் 2உம் சேர்ந்தால், ஒவ்வொரு துடிப்புக்கும் பின் இதயம் மின்னளவில் மீளும் நேரம் நீளும் அபாயம் கூடும். ஆகவே லேபிளில் ஓர் எண்ணை மட்டும் பார்ப்பது போதாது. வயிற்று வழி டயாலிசிஸ் செய்பவர்களுக்கு இந்தத் தேர்வே இல்லை. அந்தப் பைகளில் பொட்டாசியம் சேர்ப்பதில்லை, நாள் முழுக்க மெதுவாக வெளியேறுவதால் அவர்களில் சிலருக்கு அளவு குறைந்து, பழம் சாப்பிடுங்கள் என்று சொல்ல வேண்டிய நிலையும் வரும். பக்கத்துப் படுக்கைக்காரர் இதைக் கேட்டால் பொறாமைப்படுவார்!

அருமனை அம்மாவுக்கு வருவோம். மருத்துவர் அவருக்கு 2கேயைத் தொடரச் சொல்லி, வெள்ளிக்கிழமை அரை மணி நேரம் கூட்டினார். மரச்சீனியை (மரவள்ளிக் கிழங்கை) சிறு துண்டாக வெட்டி நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்துக் கொட்டும் பழக்கம் அவர் வீட்டில் ஏற்கெனவே இருக்கிறது. பொட்டாசியத்தில் ஒரு பங்கு அந்தத் தண்ணீரோடு போய்விடுகிறது. சிப்ஸில் அது நடக்காது என்பதை மட்டும் சொன்னேன். அடுத்த மாதம் திங்கட்கிழமை அளவு 5.6. இப்போது ஊசி போடுமுன் கேனின் லேபிளை அவர் பக்கம் திருப்பி அவரையே வாசிக்கச் சொல்கிறேன். "ரெண்டு" என்கிறார், அதன் பிறகே குழாயை மாட்டுகிறேன்.