வெள்ளைப் புள்ளி நோய் என்று சொல்லி 8,400 கறந்தார்கள், செத்தது புள்ளியே இல்லாத மீன்

குண்டம்மா போய் இரண்டு நாள்தான் ஆகிறது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். தங்கமீன் வளர்ப்பவர்கள், அதிலும் என்னைப் போல மீன் உடம்பில் ஏதோ ஒன்று தெரிந்ததும் பதறிப்போகிறவர்கள், இதைப் படித்துவிட்டு அப்புறம் யாருக்கும் பணம் கட்டுங்கள். நோயை எப்படிக் கண்டுபிடிப்பது, என்ன வைத்தியம் பார்ப்பது என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

என்னிடம் இருந்தவை இரண்டு மீன்கள். நூறு லிட்டர் தொட்டி. ஒன்றரை வருடமாக ஒரு தொந்தரவும் இல்லை. செம்பன் ஒல்லி, குண்டம்மா பெயருக்கேற்ற உருண்டை. மூன்று வாரத்துக்கு முன்னால் தீனி போடும்போது பார்த்தால், செம்பனின் செவுள் மூடிமேல் பொடி உப்பைத் தூவியது போல வெள்ளைப் புள்ளிகள். இரண்டு பக்கமும் இருந்தன. முன்பக்கத் துடுப்புகளின் முன் ஓரத்திலும் தைத்து வைத்தது போல வரிசையாகச் சில. மற்றபடி ஆள் ஜோராகத்தான் இருந்தான். வழக்கம்போல் தின்றான், காலையிலிருந்து குண்டம்மாவை விரட்டிக்கொண்டே திரிந்தான். அந்த விரட்டலிலேயே விடை இருந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. தெரிய வேண்டியவருக்கும் தெரியவில்லை, அல்லது தெரிந்துகொள்ள விருப்பமில்லை.

செல்லப்பிராணிகளுக்குக் காணொளியில் ஆலோசனை சொல்லி, மருந்தையும் தாங்களே வீட்டுக்கு அனுப்பிவைக்கிற செயலிகள் இருக்கின்றன அல்லவா, அதில் ஒன்று. பெயர் வேண்டாம். நோயைச் சொல்கிறவரும் மருந்தை விற்கிறவரும் ஒரே இடம் என்பதே எனக்கு அப்போது உறைத்திருக்க வேண்டும்.

திரையில் வந்த பெண் முதலில் கேட்டது மீன்களின் பெயரை. சொன்னேன். "செம்பனை எங்க வீட்டுப் பிள்ளை மாதிரி பார்த்துக்கிறோம், கவலையே படாதீங்க" என்றார். அங்கேயே பாதி கரைந்துவிட்டேன். மீதியைக் கரைத்தது அவருடைய விளக்கம். இது வெள்ளைப் புள்ளி நோய், ஒட்டுண்ணி தோலுக்கு அடியில் புதைந்து இருக்கும்வரை மருந்து அதைத் தொடாது, முதிர்ந்ததும் உதிர்ந்து அடித்தரையில் விழும், அங்கே பலநூறாகப் பிளந்து புதிய மீனைத் தேடி நீந்தும், அந்த நீந்துகிற கட்டத்தில்தான் மருந்து கொல்லும், அதனால் ஒரே தடவை போட்டால் போதாது, தண்ணீரைச் சூடாக்கினால் இந்தச் சுழற்சி வேகமாக முடியும் என்று தடங்கலே இல்லாமல் சொன்னார். வடிகட்டியில் இருக்கிற கரியை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அது மருந்தை உறிஞ்சிவிடும் என்றார். அப்புறம் நானே தேடிப் பார்த்தேன். ஒரு வார்த்தைகூடத் தவறில்லை. இதுதான் என்னை இன்னும் எரிச்சல்படுத்துகிறது. அந்த நோயைப் பற்றி அவர் சொன்னது அத்தனையும் சரி. என் மீனுக்கு அந்த நோய் இல்லை, அவ்வளவுதான்.

அவர் கேட்காததைச் சொல்கிறேன். தொட்டியில் எத்தனை லிட்டர் என்று கேட்கவில்லை. மீன் கழிவால் தண்ணீரில் சேரும் விஷங்களான அமோனியா, நைட்ரைட் அளவு பார்த்தீர்களா என்று கேட்கவில்லை. புள்ளி உடம்பிலும் வாலிலும் இருக்கிறதா என்று கேட்கவில்லை. இன்னொரு மீனுக்கு வந்திருக்கிறதா என்றுகூடக் கேட்கவில்லை. குண்டம்மாவின் மேல் ஒரு புள்ளி கிடையாது.

ஆலோசனைக்கு 1,200. நீல மருந்து, தொட்டிச் சூடேற்றி, ஏதோ பொடி எல்லாம் சேர்ந்த பெட்டி 4,700. நீல மருந்து என்பது மெத்திலீன் ப்ளூ. அதைத் தொட்டியிலேயே ஊற்றி, தண்ணீரை 30 டிகிரிக்கு ஏற்றச் சொன்னார்கள். செய்தேன்.

நான்காம் நாள் இரண்டு மீனும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூட ஆரம்பித்தன. படம் எடுத்து அனுப்பினேன். "மருந்து வேலை செய்யுது, பயப்படாதீங்க" என்று பதில். ஆறாம் நாள் குண்டம்மாவின் வாலில் சிவப்புக் கோடுகள். அதற்கு, கூடவே பாக்டீரியா தொற்றும் வந்திருக்கிறது என்று ஆன்டிபயாடிக் பொடி ஒன்று. அது 2,500. கூட்டிக்கொள்ளுங்கள், மொத்தம் 8,400. ஒன்பதாம் நாள் காலையில் குண்டம்மா தொட்டியின் மூலையில் சாய்ந்து கிடந்தாள்.

அன்றைக்குத்தான் புத்தி வந்தது. பாதித் தண்ணீரை மாற்றி, கரியைத் திரும்ப வைத்து, நீலம் போனதும் அமோனியா பார்த்தேன். மஞ்சளாக நிற்க வேண்டிய சோதனைக் குழாய் பச்சையாக நின்றது. அளவு 2. பூஜ்யமாக இருக்க வேண்டியது. அதுவும் பாதித் தண்ணீரை மாற்றிய பிறகு! மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியாவைத் தின்று தீர்க்கும் நல்ல பாக்டீரியா வடிகட்டிப் பஞ்சில்தான் குடியிருக்கிறது. நீல மருந்து அதையும் சேர்த்துக் கொன்றிருக்கிறது. சூடேறிய தண்ணீரில் ஆக்சிஜன் வேறு குறையும், அமோனியாவின் விஷமும் கூடும். மேலே வந்து வாய் பிளந்ததும், வாலில் சிவந்ததும் அதனால்தான். மருந்து வேலை செய்ததாம்.

மீன்களுக்கு வைத்தியம் பார்க்கிற ஒரு கால்நடை மருத்துவருக்கு முதல் நாள் எடுத்த அதே படத்தை அனுப்பினேன். "ஆண் மீன், இனப்பெருக்கப் பருவம். இது நோயில்லை" என்று பதில் வந்தது. அவ்வளவுதான் அவர் எழுதியது. ஆண் தங்கமீனுக்கு அந்தப் பருவத்தில் செவுள் மூடியிலும் முன்துடுப்பின் ஓரத்திலும் இப்படிப் புள்ளிகள் வருமாம், பருவம் போனால் தானாக மறையுமாம். பெண்ணை விரட்டுவதும் அதற்குத்தான்.

பணத்தைக் கேட்டேன். முதலில், "உங்கள் இழப்புக்கு வருந்துகிறோம்." இரண்டாவது ஆள், உயிருள்ளவற்றுக்கு உத்தரவாதம் கிடையாது என்றார். நான் மீனையா உங்களிடம் வாங்கினேன்? மூன்றாவது ஆள், ஆலோசனை தகவலுக்காக மட்டும்தான், நீங்கள் ஒப்புக்கொண்ட விதிமுறையில் இருக்கிறது என்றார். பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்வதாகச் சொன்ன பெண்ணிடம் பேச வேண்டும் என்றேன். அப்படி இணைக்க வசதி இல்லையாம். நான்காவதாக வந்தது அடுத்த முறை வாங்கும்போது பத்து சதவீதத் தள்ளுபடி. 8,400 கேட்டவளுக்குத் தள்ளுபடிக் குறியீடு! நேற்று மாலை புகாரை "தீர்க்கப்பட்டது" என்று மூடியும் விட்டார்கள்.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன். இப்போது அதற்கு மனசில்லை. அவசரத்துக்கு இவை மட்டும். மீனுக்கு எதுவானாலும் முதலில் தண்ணீரைச் சோதியுங்கள், அமோனியாவும் நைட்ரைட்டும் 0 இல்லையென்றால் மருந்தைத் தொடாமல் தண்ணீரை மாற்றுங்கள், குளோரின் நீக்கியைக் கலந்துதான். புள்ளி செவுள் மூடியிலும் முன்துடுப்பிலும் மட்டும் ஒழுங்காக இருந்து மீன் சுறுசுறுப்பாக இருந்தால் கை வைக்காதீர்கள். உடம்பு, வால் என்று கண்டபடி பரவி, மீன் தரையிலும் கல்லிலும் உடம்பைத் தேய்த்தால் அது வேறு கதை. மருந்து போட்டே ஆக வேண்டுமானால் தனித் தொட்டியில் போடுங்கள், வடிகட்டியைக் காப்பாற்றுங்கள். செவுளையோ தோலையோ சுரண்டி நுண்ணோக்கியில் பார்க்காமல் ஒட்டுண்ணி என்று அடித்துச் சொல்கிறவரிடம் ஜாக்கிரதை.

செம்பன் பிழைத்துக்கொண்டான். செவுளில் புள்ளிகள் அப்படியே இருக்கின்றன. விரட்டத்தான் யாரும் இல்லை. இன்று காலை அமோனியா 0.5. மறுபடியும் தண்ணீர் மாற்ற வேண்டும், மீதியை அப்புறம் எழுதுகிறேன்.